தானா வந்த விளம்பரம்

சார், சார், அதை அமுக்காதீங்க. பக்கத்துல உக்காந்துகிட்டு எட்டிப் பாக்குறானேன்னு கோவிச்சுக்காதீங்க, கண்ணு தானா போயிடுச்சு. 'உங்கள் கம்ப்யூட்டரில் வைரஸ் இருக்கிறது, உடனே இங்கே அழுத்தவும்'னு சிவப்பா மின்னுதே, அது பொய் சார். அதை அமுக்கினாத்தான் வைரஸே வரும். மூலையில பெருக்கல் குறி போட்டிருக்கானே, அதையும் தொடாதீங்க. அதுவும் அவன் வரைஞ்சு வச்சதுதான். மேல அந்த டேப் இருக்கு பாருங்க, அதை மொத்தமா மூடிடுங்க. ம். போயிடுச்சா? அவ்வளவுதான்.

ஐயோ, இல்ல சார். நான் கம்ப்யூட்டர் படிச்சவன் இல்ல. மின்வாரியத்துல போர்மேனா இருந்து ரிட்டயர் ஆனவன். குஞ்சிதபாதம்னு பேரு, வீடு மாயவரம். கோயம்புத்தூர்ல பொண்ணு இருக்கு, அதைப் பாக்கத்தான் போறேன். நீங்களும் கோயம்புத்தூரா? நல்லதாப் போச்சு. சாயங்காலம் ஆயிடும் சார் இந்த ரயிலு போய்ச் சேர.

எனக்குத் தெரிஞ்சதெல்லாம் கரண்ட்டுதான். கரண்ட்டை வீட்டுக்குள்ள கூப்பிடுறோம்னா ஆபத்தையும் கூப்பிடுறோம்னு அர்த்தம். அதனால ஃபியூஸ் போடுறோம், எர்த் போடுறோம், ஈரக் கையோட தொடாதேன்னு சொல்றோம். நெட்டும் அதே மாதிரிதான் சார். ஒரு ஒயரு வீட்டுக்குள்ள வருது. அதுல எவன் வர்றான், எது வருதுன்னு நமக்குத் தெரியாது. நாமதான் காவல் இருக்கணும். நான் இருந்தேன். எங்க தெருவுல என் கம்ப்யூட்டர் மாதிரி சுத்தமான கம்ப்யூட்டர் கிடையாது. சும்மா சொல்லல சார்.

அது பொண்ணோட கம்ப்யூட்டர். வினோதான்னு பேரு, ஒரே பொண்ணு. கல்யாணம் ஆகிப் போகும்போது விட்டுட்டுப் போச்சு. 'அம்மா, இதுல முகம் பாத்துப் பேசலாம்'னு சொல்லிட்டுப் போச்சு. கல்யாணம் முடிஞ்ச புதுசுல ஒரு நாள் சம்பந்தி வீட்டுக்காரங்க வந்திருந்தாங்க. கல்யாண வீடியோவை அதுல போட்டுக் காட்டுறேன்னு நான்தான் ஆசைப்பட்டேன். வீடியோ ஓடல. எங்கேயோ தேடி, இலவசம்னு போட்டிருந்த ஒண்ணை இறக்கினேன். அவன் என்னென்னமோ கேட்டான், எல்லாத்துக்கும் சரி சரின்னு அமுக்கினேன். திடீர்னு ஒரு பொம்பளை வந்து நின்னா சார், துணியே இல்லாம. மூடுனா இன்னொருத்தி. அதை மூடுனா ரெண்டு பேரு. சம்பந்தியம்மா பாயில உக்காந்திருக்காங்க. சம்பந்தி மெதுவா எழுந்து, 'கொல்லையில மாமரம் நல்லா வந்திருக்கே'ன்னு போயிட்டாரு. நான் எத்தனை கம்பத்துல ஏறினவன், அன்னைக்குக் கை கால் ஓடல. தையல்தான் அடுப்படியில இருந்து ஓடிவந்து பிளக்கைப் பிடுங்கினா.

தையல்நாயகி. என் சம்சாரம்.

அவ அப்புறமா அடுப்படியில உக்காந்து சிரிச்சா பாருங்க, கண்ணுல தண்ணி வர்ற வரைக்கும் சிரிச்சா. எனக்கு மானமே போயிடுச்சு, இவளுக்கு என்ன சிரிப்புன்னு கத்தினேன். வாயை முந்தானையால பொத்திக்கிட்டு சிரிச்சா.

அன்னைக்கு முடிவு பண்ணினேன். பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கடையில கொடுத்து மொத்தத்தையும் அழிச்சு புதுசாப் போட்டேன். ஆன்டிவைரஸ் போட்டேன். விளம்பரம் வராம தடுக்குறதுக்குன்னு ஒண்ணு இருக்கு, அதையும் போட்டேன். பாஸ்வேர்டு வச்சேன், எனக்கு மட்டும்தான் தெரியும். அவளுக்கு வேணும்னா என்னைக் கூப்பிடணும், நான் திறந்து விடுவேன். அவ எட்டாவதுதான் சார் படிச்சா. இந்தத் திருட்டுப் பசங்க அவளை மாதிரி ஆளுங்களைத்தானே குறி வைக்கிறானுங்க? தெரியாத எதையும் அமுக்காதே, எதையும் இறக்காதே, தானா வர்ற எதையும் நம்பாதேன்னு சொல்லி வச்சிருந்தேன். அவ தலையாட்டுவா. நான் சொன்னா அவ தட்ட மாட்டா.

டைப் அடிக்க வராதுன்னு பொண்ணு அவளுக்கு ஒண்ணு சொல்லிக் கொடுத்திருந்துச்சு. மைக் மாதிரி ஒரு படம் இருக்கும்ல, அதை அமுக்கிட்டு வாயால சொன்னாப் போதும், அதுவே தேடிக் கொடுக்கும். அவளுக்கு அதுல ரொம்ப சந்தோஷம். 'மார்கழிக் கோலம்'பா. 'வெண்டைக்காய் மண்டி எப்படிச் செய்யறது'ம்பா. ஏதோ எதிர்வீட்டுக்காரிகிட்ட கேக்குற மாதிரி கேப்பா. மத்தியானம் நான் சாப்பிட்டு, கம்ப்யூட்டரைத் திறந்து விட்டுட்டுப் படுத்துட்டா, கூடத்துல அவ குரல் கேட்டுக்கிட்டே இருக்கும்.

போன வருஷத்துக்கு முந்தின மழைக்காலம். நான் காலையில நியூஸ் படிக்கிற ஒரு பக்கம், விளம்பரத் தடுப்பை எடுத்தாத்தான் திறப்பேன்னு சொன்னான். சரி, நியூஸ்தானேன்னு எடுத்து விட்டேன். நான் பண்ணின ஒரே தப்பு அதுதான்னு நினைச்சேன். ரெண்டு மூணு நாள்ல ஆரம்பிச்சுது சார். நான் பாட்டுக்கு அணையில தண்ணி எவ்வளவு நிக்குதுன்னு படிச்சுக்கிட்டு இருக்கேன், பக்கத்துல ஒரு ஆஸ்பத்திரி விளம்பரம். ஊதாப் புடவை கட்டின ஒரு பொம்பளை, தலையில துணி சுத்திக்கிட்டுச் சிரிக்குது. 'பயப்பட வேண்டாம், சீக்கிரம் வாருங்கள்'னு எழுதியிருக்கு. எங்க வர்றது? நான் எதுக்கு வரணும்? அடுத்த நாள் சவுரி முடி விளம்பரம். அதுக்கு அடுத்து... சொல்லவே கூச்சமா இருக்கு சார். பொம்பளைங்க போடுற உள்பாடி. பஞ்சு வச்சது. ஒரு பக்கம் மட்டும் பஞ்சு வச்சது.

எனக்கு அந்த சம்பந்தி வந்த நாள் ஞாபகம் வந்துடுச்சு. அதே அசிங்கம் திரும்ப வீட்டுக்குள்ள வந்துடுச்சுன்னு ரத்தம் கொதிச்சுது. அடுப்படியப் பாத்துக் கேட்டேன், 'தையலு, நீ எதையாவது அமுக்கினியா?'

பாத்திரம் கழுவுற சத்தம் நின்னுச்சு.

'இல்லைங்க'ன்னா.

'நெஜமாவா?'

'நான் எதை அமுக்கப் போறேன்'னா.

அவ பொய் சொல்ல மாட்டா சார். அதனால வைரஸ்தான்னு முடிவு பண்ணிட்டேன். திரும்பக் கடைக்குக் கொண்டு போனேன். முன்னாடி போட்டதை விட ஒசந்ததாப் போடச் சொன்னேன். எந்தப் பக்கத்துக்குப் போனாலும் ஒரு விளம்பரம் தலைகாட்டக் கூடாது, அந்த மாதிரி. அதோட விடல. தினம் சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரத்துக்கு, அன்னைக்குப் போன பக்கம் எல்லாத்தையும் பாக்காம அப்படியே மொத்தமா அழிச்சிடுவேன். மெயினை அணைக்கிற மாதிரி ஒரு பழக்கம். பாத்து என்ன ஆகப் போகுது? அவ கோலம் பாத்திருப்பா, பாட்டுக் கேட்டிருப்பா.

நின்னுபோச்சு சார். ஒரு விளம்பரம் வரல. எவ்வளவு சந்தோஷமா இருந்துச்சு தெரியுமா? 'பாத்தியா, எல்லாத்தையும் அடைச்சிட்டேன்'னு அவகிட்டச் சொன்னேன். 'நல்லதுங்க'ன்னா.

அந்த நாள்ல அவ கொஞ்சம் அமைதியாத்தான் இருந்தா. நான் கவனிக்காம இல்ல. கேட்டேன், 'உடம்புக்கு என்ன?'ன்னு. 'ஒண்ணும் இல்லையே'ன்னா. அப்புறம் நான் என்ன பண்ண முடியும்? ஒரு மத்தியானம் தூக்கம் வராம எழுந்து வந்தேன். கம்ப்யூட்டர்கிட்ட முகத்தைக் கொண்டுபோய் வச்சுக்கிட்டு என்னமோ கிசுகிசுன்னு பேசிக்கிட்டு இருக்கா. வழக்கமா கூடத்துக்கே கேக்குற மாதிரித்தான் பேசுவா. 'யார்கிட்டப் பேசுற?'ன்னேன். தூக்கிவாரிப் போட்டுடுச்சு அவளுக்கு. 'பாட்டு போடச் சொன்னேங்க'ன்னா. 'அதுக்கு எதுக்கு ரகசியம்?'னேன். 'நீங்க தூங்குறீங்களேன்னு'ன்னா. எனக்காகத்தான் மெதுவாப் பேசியிருக்கான்னு நினைச்சுக்கிட்டு மோரைக் குடிச்சிட்டுப் போயிட்டேன்.

பொண்ணு அப்ப மாசமா இருந்துச்சு. அதுக்கிட்டயும் இவ ஒண்ணும் சொல்லல. ரெண்டு பேரும் தினம் முகம் பாத்துப் பேசுவாங்க. 'என்னம்மா இளைச்சுட்டே?'ன்னு அது கேக்கும். 'கேமரா அப்படிக் காட்டுது'ம்பா இவ.

இன்னொரு நாள் சார். இதைச் சொல்லாம இருக்கலாம். சொல்லிடுறேன். தோட்டத்துல வாழைக்குத் தண்ணி விட்டுட்டு இருக்கேன். உள்ள இருந்து கூப்பிட்டா. 'என்னங்க, இங்க கொஞ்சம் வாங்களேன்'னா. போனேன். கம்ப்யூட்டர்ல ஒரு பக்கம் திறந்திருக்கு. தஞ்சாவூர்ல பெண்களுக்கு இலவசப் பரிசோதனை முகாமுன்னு போட்டிருக்கு. பக்கத்துல ஒரு பொம்பளைப் படம். அவ நாற்காலியில உக்காராம, பக்கத்துல நிக்கிறா. கை ரெண்டையும் முந்தானையில சுத்திக்கிட்டு நிக்கிறா. 'இதைக் கொஞ்சம் பாருங்களேன்'னா.

எனக்கு எப்படி இருக்கும், சொல்லுங்க? அவ்வளவு அடைச்சும் திரும்ப வந்துடுச்சே! 'எத்தனை வாட்டி சொல்லியிருக்கேன், இந்த மாதிரி வந்தா உடனே மூடுன்னு'ன்னு சொல்லிக்கிட்டே மூடினேன். கை ஈரம், அந்தக் கையோடயே மூடினேன். 'எதையாவது தொட்டியா?'ன்னேன்.

'இல்லைங்க. இது... இது தானா வரல'ன்னா.

'தானா வராம, நீயா கூப்பிட்ட?'ன்னேன்.

என் முகத்தையே பாத்தா. நான் அதுக்குள்ள ஸ்கேன் போட்டு விட்டேன், அது ஓடிக்கிட்டு இருக்கு, பச்சைக் கோடு நகருது. அவளும் கொஞ்ச நேரம் அந்தக் கோட்டையே பாத்தா.

'இல்லைங்க. தானாத்தான் வந்துச்சு'ன்னா. அடுப்படிக்குப் போயிட்டா.

டீ போட்டுக் கொண்டு வந்து வச்சா சார். இஞ்சி தட்டிப் போட்டு. ஸ்கேன்ல ஒண்ணும் இல்லன்னு வந்துச்சு. சுத்தமா இருக்குன்னு அவகிட்டச் சொன்னேன்.

அப்புறம் பொண்ணுக்குக் குழந்தை பொறந்துச்சு. பேத்தி. பிரசவம் பாக்க கோயம்புத்தூர் போயிட்டு வந்தா. வந்ததுல இருந்து முதுகு வலி முதுகு வலின்னா. குழந்தையைத் தூக்கினது, குளிப்பாட்டினதுன்னு நினைச்சேன், தைலம் தேய்ச்சு விட்டேன். முதுகுல மட்டும்தான் தேய்க்க விடுவா. ஒரு நாள் குடத்தைத் தூக்கினவ அப்படியே உக்காந்துட்டா. தஞ்சாவூருக்குக் கொண்டு போனோம். அந்த லேடி டாக்டர் பாத்துட்டு வெளிய வந்து என்னைக் கேட்டாங்க, 'எத்தனை நாளா இருக்கு இது?' எனக்கு என்ன இருக்குன்னே தெரியாது. அவ படுத்த வாக்குல சொன்னா, 'ஒரு வருஷத்துக்கு மேலம்மா'ன்னு. டாக்டர் என்னைத்தான் பாத்தாங்க. அவளைப் பாக்கல. என்னை.

எலும்புக்குப் போயிடுச்சுன்னாங்க. மார்ல ஆரம்பிச்சு.

நான் கேட்டேன் சார். வார்டுல அவ பக்கத்துல உக்காந்து கேட்டேன், 'ஏன் தையலு, ஒரு வார்த்தை என்கிட்டச் சொல்லக் கூடாதா?'ன்னு. அவ என் கையைப் பிடிச்சுக்கிட்டா. 'வலிக்கலைங்க, அதான்'னா. 'வலிச்சிருந்தா சொல்லியிருப்பேன்'னா. அவ்வளவுதான் சொன்னா. பங்குனியில போயிட்டா.

துக்கத்துக்கு வந்தவங்க ஒரு நாள் சாயங்காலம் கூடத்துல உக்காந்திருந்தாங்க. எல்லாரும் சும்மா இருக்காங்களேன்னு, நான் என்னத்தையோ பேசிக்கிட்டு இருந்தேன். என் மச்சினன் அவன் போன்ல விளம்பரத் தொல்லைன்னான். நான் எப்படியெல்லாம் அடைச்சேன்னு சொன்னேன். ஊதாப் புடவைக்காரி, சவுரி முடின்னு வந்ததைச் சொன்னேன். பொண்ணு மடியில குழந்தையைப் போட்டுக்கிட்டு உக்காந்திருந்துச்சு. நிமிர்ந்து பாத்துச்சு.

'என்ன விளம்பரம் வந்துச்சுப்பா?'ன்னுச்சு.

திரும்பச் சொன்னேன். ஆஸ்பத்திரி, முடி. உள்பாடிய மட்டும் சபையில சொல்லல. அது எழுந்து என்னை உள்ள கூட்டிக்கிட்டுப் போய், 'வேற என்ன வந்துச்சு?'ன்னு கேட்டுச்சு. சொன்னேன். எப்ப வந்துச்சுன்னு கேட்டுச்சு. சொன்னேன். அப்படியே சுவத்தோட சாஞ்சு தரையில உக்காந்துடுச்சு சார்.

'அப்பா, அது வைரஸ் இல்லப்பா'ன்னுச்சு. 'நாம எதைத் தேடுறோமோ, அதுதான்ப்பா விளம்பரமா வரும். அம்மா தேடியிருக்கு. அம்மா அதுக்கிட்டக் கேட்டிருக்கு. அதை அது உங்ககிட்டக் காட்டியிருக்கு. நீங்க அடைச்சிருக்கீங்க.'

என்ன பேச்சு சார் இது? பெத்த அப்பன்கிட்டப் பேசுற பேச்சா? நான் வீட்டைக் காபந்து பண்ணினேன். நானா தேடினேன்? எனக்கு எப்படித் தெரியும்? விளம்பரம்னா ஆயிரம் பேருக்குத்தான் போகும், எங்க வீட்டுக்கும் வந்திருக்கும்னு சொன்னேன். குழந்தை அழுதுச்சு, பொண்ணு எழுந்து போயிடுச்சு. காரியம் முடிஞ்சதும் ஊருக்குக் கிளம்பிடுச்சு. அப்புறம் போன் பண்ணினா மாப்பிள்ளைதான் எடுப்பாரு. 'குழந்தையைத் தூங்க வைக்குதுங்க மாமா'ம்பாரு. எப்பக் கேட்டாலும் தூங்க வைக்குதும்பாரு. அந்தக் குழந்தை அவ்வளவா சார் தூங்கும்?

தனி ஆளா வீட்டுல என்ன பண்ணுறது? ஒரு நாள் உக்காந்து எல்லாத்தையும் எடுத்து விட்டேன். ஆன்டிவைரஸ், தடுப்பு, பாஸ்வேர்டு, எல்லாத்தையும். வர்றவன் வரட்டும்னு கதவைத் தொறந்து போட்ட மாதிரி. பொண்ணு சொன்னது நெஜம்னா, அவ தேடினது இன்னும் மிச்சம் மீதி இருந்து வருமில்ல? அவ என்ன கேட்டான்னு தெரியுமில்ல? மத்தியானம் மத்தியானம் உக்காந்து பாத்தேன். முழங்கால் தைலம் வந்துச்சு. காது கேக்குற மிஷின் வந்துச்சு. பென்ஷன்காரங்களுக்கு டூர்னு வந்துச்சு. எல்லாம் எனக்குத்தான். அவளுக்குன்னு ஒண்ணு வரல. கோலப்பொடி கூட வரல சார்.

அப்பவும் நான் சொல்லிக்கிட்டேன், பாத்தியா, பொண்ணு சொன்னது தப்புன்னு.

போன வாரம் போன் வந்துச்சு. மாப்பிள்ளை இல்ல, அதுவே பேசுச்சு. எடுத்ததும், 'அப்பா, உக்காந்துக்கிட்டு இருக்கீங்களா?'ன்னு கேட்டுச்சு. உக்காந்தேன். 'குளிக்கும்போது கையில ஒரு கட்டி தட்டுப்படுதுப்பா. மார்ல. டாக்டரைப் பாத்துட்டேன். ஊசி போட்டு எடுத்துப் பாக்கணும்கிறாங்க. பால் கொடுக்குறதால கூட இருக்கலாமாம், பயப்பட வேண்டாம்னாங்க. ஆனா அம்மாவுக்கு இருந்ததால பாத்துடணுமாம்'னுச்சு. அது சொல்லுச்சு, 'அவருக்குச் சொல்றதுக்கு முன்னாடியே உங்களுக்குச் சொல்றேன்ப்பா. அம்மா மாதிரி நான் இருக்க மாட்டேன். எனக்கு உங்க மேல கோவம்தான். இருந்தாலும் சொல்லிடுறேன்.'

நான் சரிம்மா, சரிம்மான்னு மட்டும் சொன்னேன். வச்சிட்டேன். வச்சிட்டுப் போயி கம்ப்யூட்டரைப் போட்டேன். டைப் அடிக்கக் கை வரல. அந்த மைக் படத்தை அமுக்கினேன். வீட்டுல ஒரு ஈ காக்கா இல்ல சார், நான் மட்டும்தான். அப்படியும் முகத்தைப் பக்கத்துல கொண்டு போயி, கிசுகிசுன்னுதான் கேட்டேன். 'மார்பில் கட்டி இருந்தால் பிழைப்பார்களா'ன்னு.

எவ்வளவோ போட்டிருந்தான். சீக்கிரம் பாத்தா நெறைய பேரு பிழைச்சுக்கிறாங்கன்னு எல்லா இடத்துலயும் போட்டிருந்தான். எல்லா இடத்துலயும்.

மறுநாள் காலையில நியூஸைத் திறந்தேன். ஊதாப் புடவை கட்டிக்கிட்டு அந்தப் பொம்பளை நிக்கிறா. கீழ சவுரி முடி. கீழ அந்த உள்பாடி.

நான் மூடல சார். எவ்வளவு நேரம் பாத்துக்கிட்டு இருந்தேன்னு தெரியாது. பால்காரர் வந்து மணி அடிச்சுட்டு, நின்னு பாத்துட்டு, வாசல்லயே வச்சுட்டுப் போயிருக்காரு. அவ கூப்பிட்ட குரல் அது. நான் வைரஸ்னு... இருங்க சார். தண்ணி இருக்கு, வேணாம், என்கிட்டயே இருக்கு.

ஒண்ணும் இல்ல. கரூர் போயிடுச்சா? இன்னும் இல்லையா?

நாளைக்குத்தான் ஊசி போடுறாங்க. நீங்க வரணும்னு அது சொல்லல. வராதீங்கன்னும் சொல்லல. நானே டிக்கெட்டு எடுத்துட்டேன். அங்க போய் என்ன பேசுறதுன்னு காலையில இருந்து யோசிச்சுக்கிட்டு வர்றேன். டாக்டர் என்ன சொன்னாங்கன்னு கேக்கலாம். குழந்தையை நான் வச்சுக்கிறேன்னு சொல்லலாம். வலிக்குதான்னு மட்டும் கேக்க மாட்டேன் சார். வலிக்கலன்னா சரின்னு விட்டுடக் கூடாது பாருங்க.

இருங்க, போன் அடிக்குது. அதுதான். கண்ணாடி இல்லாமலே தெரியுது, பேரு பெரிய எழுத்துல இருக்கு.

அலோ... ஆங், வண்டியிலதாம்மா இருக்கேன். சாப்பிட்டேன், சாப்பிட்டேன். இல்லம்மா, ஸ்டேஷனுக்கு யாரும் வர வேணாம், நானே வந்துடுவேன்.

என்னம்மா? ... இல்ல, பக்கத்துல ஒருத்தர் இருக்காரு, இருந்தா என்ன? ... பரவால்ல, இங்கயே பேசலாம். சிக்னல் நல்லா இருக்கு. அப்பாவுக்குக் கேக்குது. ... அழுவாதே. இல்ல, அழு. அழுதுட்டே சொல்லு.

நான் வைக்க மாட்டேன். நீ சொல்லு.